ஆங்கில எழுத்தில் படைப் பெயர்கள்

நான்கைந்து பிள்ளைகள் ஒன்றுகூடி வீட்டை இரண்டாக்கும் வேளையில், "இந்தப் பட்டாளத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!" என்று தாய்மார் அலுத்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே துப்பாக்கியும் இல்லை, தளபதியும் இல்லை. ஆயினும் சொல் பொருந்துகிறது, கேட்பவர் சிரிக்கிறார். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பட்டாளம் என்பது பழந்தமிழ்ச் சொல் அன்று. 'பட்டாலியன்' என்னும் மேனாட்டுச் சொல், கும்பெனிச் சிப்பாய்கள் காலத்தில் நம் நாட்டு வழக்கில் புகுந்து, நம் நாவுக்கு ஏற்பத் திரிந்து, நாளடைவில் அடுப்பங்கரை வரை வந்துவிட்டது. படைக்கு உரிய பெயரைப் படையல்லாத கூட்டத்தின்மேல் ஏற்றிச் சொல்லுதல் நமக்குப் புதிதன்று. எறும்பு படையெடுக்கிறது என்கிறோம். தோட்டத்துக் குரங்குகளை வானர சேனை என்கிறோம்.

ஆங்கிலத்தில் இவ்வழக்கு இன்னும் விரிவானது. ஆர்மி, லீஜன், ஹோஸ்ட், கோஹார்ட், பேலங்ஸ், ரெஜிமெண்ட், பட்டாலியன், பிரிகேட், ஸ்குவாட்ரன், பிளட்டூன், கோர், ஆர்மடா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அகராதியைப் புரட்டினால் இவற்றுள் பலவற்றுக்கும் இரண்டாம் பொருளாகப் 'பெருங்கூட்டம்' என்ற ஒன்றையே காண்போம். வினை அங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் பெருங்கூட்டந்தானே என்று எண்ணி, மாணவன் ஒருவன் கூடை நிறைந்த மாம்பழங்களை 'மாம்பழப் பட்டாலியன்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுகிறார். "ஏன் ஐயா பிழை?" என்று அவன் கேட்டால் விடை சொல்லத் தடுமாறுகிறார். இலக்கணத்தால் அது பிழையன்று, வழக்கால் பிழை. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் பாசறையைவிட்டு வெளியே வந்த பின்னும் தன் பழைய சீருடையைக் கழற்றாமல் உலவுகின்றன. எந்தப் படை எவ்வாறு நின்றது, எவ்வாறு நடந்தது, அதைக் கண்டவர் மதித்தாரா, நகைத்தாரா, நடுங்கினாரா என்பவை எல்லாம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆதலின், மக்கள் கூட்டம் ஒன்றுக்கு இவற்றுள் ஒன்றைப் பெயராக இடும்போது, அம்மக்களைப்பற்றி நாம் ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

முதலில் 'ஆர்மி'. ஆயுதம் தாங்கியது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஸ்பானிய மொழியில் அதே மூலம் 'ஆர்மடா' ஆயிற்று. 1588-இல் இங்கிலாந்தின்மேல் ஏவப்பட்ட ஏறத்தாழ 130 கப்பல்கள் கொண்ட கடற்படையால் அச்சொல் ஆங்கிலத்தில் நிலைத்தது. உருவகமாக வரும்போது 'ஆர்மி' எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை. பலர் ஒரே நோக்கத்தோடு சோர்வின்றி உழைப்பதையும் சொல்கிறது. தொண்டர் ஆர்மி, துப்புரவாளர் ஆர்மி, எறும்பு ஆர்மி எல்லாம் பொருந்தும். பேருந்து நிறுத்தத்தில் சும்மா காத்து நிற்பவர்களை அப்படிச் சொன்னால் பொருந்தாது. வில்லியம் பூத் 1878-இல் தம் சமயத் தொண்டு இயக்கத்திற்குச் 'சால்வேஷன் ஆர்மி' என்று பெயரிட்டதும் இந்தக் கருத்தாலேயே. தமிழில் அதனை இரட்சணிய சேனை என்கிறோம். பயிரை அழித்துவிட்டு அடுத்த வயலுக்குக் கூட்டமாக நகரும் ஒருவகைப் புழுவுக்கும் ஆங்கிலேயர் இப்பெயரைச் சேர்த்தே வழங்குகின்றனர். அவ்வினத்துள் ஒன்று 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தைத் தாக்கியபோது, தமிழக உழவர்களிடையே அது 'படைப்புழு' என்றே பெயர்பெற்றது.

'லீஜன்' உரோமருடைய சொல். தேர்ந்தெடுத்தல் என்னும் பொருள் தரும் வினையடியிலிருந்து பிறந்தது. தெரிந்தெடுத்த வீரர் தொகுதி என்பது அதன் முதற்பொருள். பேரரசுக் காலத்தில் ஒரு லீஜனில் ஏறத்தாழ 5,000 வீரர் இருந்தனர். இச்சொல் உருவகமானதற்கு விவிலியம் பெருங்காரணம். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், ஒருவனைப் பிடித்திருந்த தீய ஆவியிடம் பெயர் கேட்கப்பட, தாங்கள் பலர் என்பதால் தன் பெயர் லீஜன் என்று அது விடை சொல்கிறது. பழைய தமிழ் விவிலியத்தில் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் 'லேகியோன்' என்றே விட்டிருக்கிறார்கள். எண்ணித் தீராத தன்மை இச்சொல்லில் ஏறியது இப்படித்தான். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனி இலக்கணமும் உண்டு. அவருடைய நண்பர்கள் 'ஆர் லீஜன்', அவன் செய்த பிழைகள் 'ஆர் லீஜன்' என்று பயனிலையாக நிறுத்தி எழுதுவார்கள். முன்னால் 'ஏ' வராது. பின்னால் பன்மை 'ஸ்' வராது. பெயர்ச்சொல்லாகப் பிறந்தது இவ்விடத்தில் பெயரடைபோல் நடக்கிறது. எழுவாய் பன்மையாயிற்றே என்று நம் மாணவர்கள் 'ஆர் லீஜன்ஸ்' என எழுதிவிடுவார்கள். அது நண்பர்களையே உரோமப் படைகளாக்கிவிடும்! இவ்வொரு வாக்கியத்தை ஐந்து முறை எழுதவைத்துவிட்டால், பிறகு மறக்கமாட்டார்கள். முன்னால் 'ஏ' சேர்த்து 'ஏ லீஜன் ஆப்' என்றும் வழங்குவதுண்டு. அப்போது அது மற்றத் தொகைப் பெயர்களைப் போன்றதே.

லீஜனின் பத்தில் ஒரு பகுதி 'கோஹார்ட்'. பொதுவாக 480 பேர் கொண்டது. வேலியடைத்த முற்றம் என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். முற்றத்துள் அடங்கிய கூட்டத்திற்குப் பின்னர் ஆகிவந்தது. அரசவையையும் நீதிமன்றத்தையும் குறிக்கும் 'கோர்ட்' என்பதும் இதன் உடன்பிறப்பே. இன்று கோஹார்ட் தன் வாளை வைத்துவிட்டுக் கணக்கெழுதப் போய்விட்டது. ஒரே ஆண்டில் பிறந்தோர், ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்தோர் ஆகிய தொகுதியைப் புள்ளியியலார் இப்பெயரால் அழைக்கின்றனர். கல்வித்துறை அறிக்கைகளில் நாம் காண்பதும் இப்பொருளே. அமெரிக்கர் ஒரே ஒரு கூட்டாளியையும் கோஹார்ட் என்பதுண்டு. 480 பேரை ஒருவனுக்குள் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. அன்றியும் அவ்வழக்கில் கள்ளக்கூட்டாளி என்ற நிழலும் அடிக்கடி விழுகிறது. நண்பரைப் பாராட்டி எழுதும்போது அதனைத் தவிர்ப்பதே நன்று.

'ஹோஸ்ட்' முற்றிலும் வேறான கதை. இலத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்றால் அந்நியன். அந்நியன் பகைவனாகி, பகைவர் கூட்டம் படையாயிற்று. விவிலியத்தில் இறைவனுக்கு வழங்கும் பெயர்களுள் 'சேனைகளின் கர்த்தர்' என்று தமிழில் நாம் படிப்பதில் உள்ள 'சேனைகள்' ஆங்கிலத்தில் இச்சொல்லே. விருந்தோம்புபவரைக் குறிக்கும் மற்றொரு 'ஹோஸ்ட்' எழுத்தால் ஒன்றாயினும் வந்த வழி வேறு; ஆனால் இரண்டையும் பின்னோக்கித் தேடிச் சென்றால் புதியவன் என்ற ஒரே வேரில் போய் முடிகின்றன. இங்கே நம் 'விருந்து' என்னும் சொல்லை நினையாமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியத்தில் விருந்து என்பது புதுமையைக் குறிக்கும். புதிதாய் வந்தவர்க்கு ஆகிப் பின்னர் அவர்க்கு இடும் உணவுக்கும் ஆயிற்று. புதியவனிலிருந்து இலத்தீன் இரு சொற்களைப் பெற்றது. ஒருவன் பகைவன், ஒருவன் விருந்தினன். தமிழில் அவன் விருந்தினனாக மட்டுமே நின்றான்.

இன்றைய ஆங்கில எழுத்தில் ஹோஸ்டின் படைவாடை ஏறக்குறைய மறைந்துவிட்டது. வொர்ட்ஸ்வொர்த் 1807-இல் வெளியிட்ட டாபடில் மலர்ப் பாட்டில் மலர்த் திரளுக்கு இப்பெயரை இட்டபோது, அது போர்க்களத்தை நினைவூட்டவில்லை. காரணங்கள், ஐயங்கள், தொல்லைகள் எதற்கும் இதனைத் தயங்காது சேர்க்கலாம். மாம்பழம் எழுதிய நம் மாணவனுக்கும் ஒரு படைப்பெயர் வேண்டுமென்றால் இதனைக் கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். ஒருமை பன்மை பற்றிய குழப்பமும் இங்கே எழும். 'ஏ ஹோஸ்ட் ஆப் பிராப்ளம்ஸ்' என்பதற்குப் பின் பன்மை வினை வருவதே பெருவழக்கு. ஏனெனில் ஹோஸ்ட் அங்கே 'பல' என்ற அளவாகத் தேய்ந்துவிட்டது. ஆர்மி அவ்வளவு தேயவில்லை. ஆதலின் அது ஓருடலாக நடந்தால் ஒருமையும், உறுப்பினர் தனித்தனியே செயற்பட்டால் பன்மையும் பிரிட்டிஷ் வழக்கில் ஏற்கப்படும். அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையையே விரும்புவர்.

அணிவகுப்பின் வடிவத்தை இன்றளவும் விடாமல் காப்பது 'பேலங்ஸ்'. கிரேக்கரும் மாசிடோனியரும் தோளோடு தோள் நெருங்கி, வரிசைமேல் வரிசையாக நின்று, நீண்ட ஈட்டிகளை முன்னே நீட்டி நகர்ந்த அணி அது. பிலிப்பும் அவர் மகன் அலெக்சாந்தரும் அதனைக் கொண்டே வென்றனர். ஆதலின் வழியை மறித்துச் சுவர்போல் நிற்கும் காவலர், அமைச்சரைச் சூழ்ந்து நெருக்கும் புகைப்படக்காரர், ஒரு பெருஞ்செல்வருக்காக நீதிமன்றத்தில் வரிசையாக எழுந்து நிற்கும் வழக்கறிஞர் ஆகியோர்க்கு இது மிகப் பொருந்தும். சிதறி நிற்கும் கூட்டத்திற்கு ஒருபோதும் பொருந்தாது. நம் விரல் எலும்புகளுக்கும் மருத்துவர் இப்பெயரையே வைத்தனர். அவையும் அணி அணியாக அடுக்கப்பட்டவை அல்லவா? எலும்பென்றால் பன்மை 'பேலாஞ்சீஸ்'. மனிதர் அணியென்றால் பெரும்பாலும் 'பேலங்ஸஸ்'.

பட்டாலியனைப் பற்றி ஒன்று. ஹாம்லெட் நாடகத்தின் நான்காம் அங்கத்தில் துயரங்களுக்கு இப்பெயரை இடும் கிளாடியஸ் மன்னன், அதே மூச்சில் தனி ஒற்றனையும் அதற்கு எதிராக நிறுத்துகிறான். படையுருவகத்தைத் தொட்டவன் வாக்கியம் முடியும்வரை படைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். பட்டாலியன் அணிவகுக்கலாம், முற்றுகையிடலாம், பின்வாங்கலாம். பூத்துக் குலுங்கலாகாது, ஊற்றெடுக்கவும் ஆகாது. மற்றவற்றைச் சுருங்கச் சொன்னால் போதும். ஸ்குவாட்ரன் சதுரம் என்ற பொருளில் பிறந்து, இக்காலத்தில் வானத்துக்கு ஏறிவிட்டது. வரிசையாகப் பறந்து வரும் கொக்குக்கும் மாலை நேரத்துக் கொசுவுக்கும் நகைச்சுவையாகச் சொல்லலாம். பிளட்டூன் சிறு உருண்டை என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழியது, சிறுகூட்டத்திற்கே ஆகும். தாய் வாத்தின் பின்னே நீந்தும் குஞ்சுகள் புளோட்டில்லா, அதாவது சிறு கப்பற்றொகுதி. அவற்றை ஆர்மடா என்றால் குஞ்சுகள் தாங்கமாட்டா. கோர் என்பதன் எழுத்தில் இறுதியில் 'பி'யும் 'எஸ்'ஸும் இருந்தாலும் இரண்டும் ஒலிப்பதில்லை. உள்ளபடி ஒலித்தால் பிணத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடும். 1961-இல் அமெரிக்கர் நிறுவி, மறு ஆண்டே மலாயாவுக்கும் ஆசிரியர்களை அனுப்பிய அமைதித் தொண்டர் அமைப்பின் பெயரில் இச்சொல் உண்டு. பாவம், அவர்களைப் பிணங்கள் ஆக்கிவிடக் கூடாது.

பொருள் மாறிப்போனதால் பெரிதும் ஏமாற்றும் சொல் 'ரெஜிமெண்ட்'. சமயச் சீர்திருத்தக்காரரான ஜான் நாக்ஸ் 1558-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில், பெண்களுடைய கொடிய 'ரெஜிமெண்ட்' என்று ஒரு தொடர் வருகிறது. இன்று படிப்பவர் பெண்பட்டாளம் ஒன்று திரண்டு வந்ததாக எண்ணிக்கொள்வர். நகைச்சுவையாக எழுதுவோரும் மாதர் கூட்டத்தைக் காணும்போதெல்லாம் அத்தொடரை எடுத்தாள்வர். உண்மையில் நாக்ஸ் எந்தப் பட்டாளத்தையும் கண்டவரல்லர். அக்காலத்தில் ரெஜிமெண்ட் என்றால் ஆட்சி. இங்கிலாந்தில் மேரி அரசியும் ஸ்காத்லாந்தில் மற்றொரு மேரியும் ஆண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. பெண் ஆளக்கூடாது என்பதே அவர் வாதம். கருத்தும் தவறு, அதை எடுத்தாள்பவர் கொள்ளும் பொருளும் தவறு. ஆட்சி என்ற அந்தப் பழம்பொருளின் சாயல் வினைச்சொல்லில் மட்டும் தங்கியிருக்கிறது: மாணவரை ரெஜிமெண்ட் செய்தல் என்றால், தனித்தன்மைக்கு இடமின்றி ஓர் அச்சில் வார்த்தல். பாராட்டாக இதனை எழுதும் தலைமையாசிரியர்களைக் கண்டிருக்கிறேன்.

பாராட்டும் பழிப்பும் ஒரே சொல்லில் குடியிருப்பதற்குப் 'பிரிகேட்' நல்ல சான்று. தீயணைப்புப் படையின் பெயரிலும், 1883-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாந்தர் ஸ்மித் தொடங்கிய சிறுவர் இயக்கத்தின் பெயரிலும் அது மதிப்போடு நிற்கிறது. ஆனால் செய்தித்தாள் கட்டுரைகளில் ஒரு கொள்கையினரின் பெயருக்குப் பின்னால் அது ஒட்டப்பட்டால், அங்கே எள்ளல் இருக்கிறது என்று கொள்க. புகைபிடித்தலை எதிர்ப்போரைப் பிரிகேட் என்று எழுதுபவர், அவர்கள் மூர்க்கமாகத் தொல்லை தருகிறார்கள் என்று கண்ணைச் சிமிட்டிச் சொல்கிறார். நம் பெயரோடு அது வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம்.

தமிழுக்குள் அப்படியே வந்து, நம் மரபோடு எதிர்பாராமல் இணைந்துகொண்ட ஒன்றும் உண்டு. 1936-இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மாட்ரிட் நகரை நோக்கி நான்கு அணிகள் வந்தபோது, நகருக்குள்ளேயே மறைந்திருக்கும் ஆதரவாளர் ஐந்தாம் அணி என்று சொல்லப்பட்டது. தளபதி மோலா சொன்னதாகக் கூறுவர். ஆங்கிலத்தில் 'காலம்', அதாவது நெடுக நடக்கும் அணி. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதனை ஐந்தாம் படை என்றன. தேர், யானை, குதிரை, காலாள் என நால்வகைப் படையை எண்ணிப் பழகிய நமக்கு, எண்ணில் அடங்காத ஐந்தாவது என்றவுடன் வஞ்சகம் தானே புலப்படுகிறது. ஸ்பானிய வரலாறு அறியாதவருக்கும் சொல் விளங்குகிறது. இவ்வளவு பொருத்தம் வேறெந்த மொழிபெயர்ப்புக்கும் எளிதில் வாய்க்காது.

இனி மனிதரைப்பற்றி எழுதும்போது வேண்டிய எச்சரிக்கைக்கு வருவோம். மார்க்ஸ் 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் வேலையற்றோரைத் தொழில்துறையின் சேமப்படை என்றார். அலங்காரத்திற்காகச் சொன்னதன்று. வேண்டும்போது அழைத்துக்கொள்ளவும் வேண்டாதபோது விட்டுவிடவும் ஏற்றதாக ஒரு கூட்டம் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்ற வாதமே அவ்வொரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஆர்மியை ஆய்ந்து பயன்படுத்திய இடம் அது. ஆனால் தோட்டத் தொழிலாளரைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர் 'ஆர்மி ஆப் லேபரர்ஸ்' என்று எழுதிச் செல்கையில், ஒரு கணம் நின்று பார்க்கவேண்டும். உழைப்பின் பெருமை அதில் வருகிறது. ஆனால் முகங்கள் மறைகின்றன. படையில் உள்ளவனுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. கட்டளை உண்டு, கருத்து இல்லை. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது மருத்துவத் துறையினரை முன்களப் பணியாளர் என்று நாடெங்கும் போற்றினோம். நன்றியால் சொன்ன சொல்தான். ஆயினும் முன்களத்தில் நிற்பவன் உயிரிழந்தால் அதுவும் கடமையே என்ற எண்ணம் அச்சொல்லின் பின்னால் மெல்ல நுழையும். தாதியர் கடமைக்கு வந்தவர்களேயன்றிச் சாவதற்கு வந்தவர்கள் அல்லர்.

இவையெல்லாவற்றிலும் கொடியது 'ஹோர்ட்'. துருக்கிய மொழிகளில் 'ஓர்து' என்றால் பாசறை. பாசறை மொழி என்ற பெயரால் உருது மொழிக்குப் பெயர் வந்ததும் அச்சொல்லாலேயே. ஒரே சொல் கிழக்கே கவிஞர் போற்றும் மொழியின் பெயராகவும், மேற்கே அஞ்சி வெறுக்கும் கூட்டத்தின் பெயராகவும் ஆயிற்று. மங்கோலியப் படைகளைக் கண்டு நடுங்கிய ஐரோப்பியரின் நடுக்கம் இன்னும் அதில் இருக்கிறது. ஒழுங்கற்றது, நாகரிகமற்றது, நம்மேல் வந்து விழுவது என்பவை அதன் நிழல்கள். பிழைப்புத் தேடி வருவோரை வெறுத்து எழுதுபவர்கள் முதலில் எடுக்கும் சொற்களுள் அதுவும் ஒன்று. பதுக்கிவைத்த பொருளைக் குறிக்கும் மற்றொரு 'ஹோர்ட்' ஒலியால் ஒன்று, எழுத்தால் வேறு. அவ்விரண்டையும் மயங்கி எழுதுவோர் பலர்.

இதனை நான் அகராதியிலிருந்து கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளித் திடலைச் சீர்செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை அழைத்திருந்தோம். பால்வெட்டு முடித்த கையோடு வந்தவர்கள், இரவு வேலை முடிந்து உறங்காமல் வந்தவர்கள், கைக்குழந்தையை மரத்தடித் தூளியில் இட்டுவிட்டு மண்வெட்டி பிடித்தவர்கள் என்று பலரும் வந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புல்வெட்டும் பொறி ஒன்று வேண்டி ஓர் அலுவலகத்திற்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பெருங்கூட்டம் என்பதை அழகுபடச் சொல்ல எண்ணி, 'ஏ ஹோர்ட் ஆப் பேரண்ட்ஸ்' பள்ளிக்கு வந்தது என்று எழுதிவிட்டேன். விடை விரைவாகவே வந்தது. பெற்றோரால் பள்ளியில் குழப்பம் நேர்ந்தது குறித்து வருந்துவதாகவும், இனி இத்தகைய நிகழ்ச்சி நடக்கும்போது காவலரை அனுப்பிவைப்பதாகவும் அதில் கண்டிருந்தது. பொறியைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என்ன விடை வந்தது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்டபோது, கடிதத்தை அவர்களிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே வேறு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆர்மி என்று எழுதலாமா என்று நெடுநேரம் எண்ணினேன்; பொருந்தக்கூடிய சொல்தான். பிறகு வருகைப் பதிவை எடுத்து எண்ணிப் பார்த்து, நாற்பத்து மூன்று பெற்றோர் வந்தனர், அவர்களுள் பதினொருவர் இரவு வேலை முடித்து நேரே வந்தவர் என்று எழுதி அனுப்பினேன். பொறி இரண்டு மாதம் கழித்து வந்தது. அதன் கயிறு அடிக்கடி அறுந்தாலும் இன்றும் ஓடுகிறது.